லிம்போமா: நெறிகட்டியிலிருந்து தொடங்கும் ஒரு விளக்கம்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் ஒரு கட்டி உருண்டு வருவதையும், பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே ஒன்று வீங்குவதையும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். சிப்பி கிழித்த காலோடும் தூண்டில் முள் ஏறிய கையோடும் வேலை செய்கிற இராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு நெறி கட்டுவதும், இரண்டொரு வாரத்தில் அது வற்றிப்போவதும் பழகிப்போன சங்கதிகள். லிம்போமா என்னும் நோயைப் புரிந்துகொள்ள அந்த நெறியிலிருந்து தொடங்குவதே சரியாக இருக்கும். ஏனென்றால் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

இரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடினாலும், அதன் நீர்ப்பகுதியில் ஒரு பங்கு மிக நுண்ணிய தந்துகிகளின் சுவர் வழியாகக் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. நாள்தோறும் பல லிட்டர் அளவுக்குக் கசிகிற அந்த நீர் திரும்பவும் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கென்று உடலில் தனியாக அமைந்திருக்கும் வடிகால்தான் நிணநீர் மண்டலம். நம் மாவட்டத்துக் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கண்மாய் நிறைந்ததும் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய்க்குப் போகிறது. கடைசியில் கடலில் கலக்கிறது. நிணநீரும் அப்படியே, நெறி கட்டுகிற இடமான ஒரு கணுவில் தங்கி, அங்கிருந்து அடுத்த கணுவுக்குச் சென்று, இறுதியில் கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் விழுந்து இரத்தத்தோடு சேர்கிறது. ஏறத்தாழ 600 கணுக்கள் இப்படி உடல் முழுவதும் சங்கிலியாக அமைந்துள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உள்ளவை கைக்குத் தட்டுப்படும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உள்ளவை தட்டுப்படா. மண்ணீரல், உள்நாக்குப் பக்கத்துச் சதைகளான டான்சில்கள், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் இந்த மண்டலத்தைச் சேர்ந்தவையே.

கண்மாய் நீரைத் தேக்குவதைப் போல நிணநீர்க் கணு கிருமியைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்குள் குடியிருக்கும் லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களில் முக்கியமான வகைகள் இரண்டு. பி அணுக்கள் கிருமிக்கு எதிரான புரதங்களை உண்டாக்குகின்றன. டி அணுக்களில் சில கிருமி புகுந்த அணுவை நேரடியாகக் கொல்கின்றன, சில மற்ற அணுக்களை வழிநடத்துகின்றன. கிருமி வந்ததும் இவை விரைவாகப் பெருகுகின்றன. அப்போது கணு வீங்கி, அதன் உறை இழுபட்டு வலிக்கிறது. வந்த வேலை முடிந்ததும் பெருகியவற்றில் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துபோக, நெறி வற்றிவிடுகிறது. இந்தக் கடைசிப் படிதான் நமக்கு முக்கியம். ஒரே ஒரு லிம்போசைட்டின் மரபணுவில் பிழை நேர்ந்து, அது பெருகுவதை நிறுத்தாமலோ மடிய வேண்டிய நேரத்தில் மடியாமலோ போனால், அதன் சந்ததி கணுவுக்குள் குவிந்துகொண்டே போகிறது. அந்த நிலையே லிம்போமா. தமிழில் நிணநீர்ப் புற்றுநோய் என்கிறோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கிருமியால் வரும் நெறி பொதுவாக வலிக்கும். லிம்போமாவால் வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தொட்டால் ரப்பரைப் போல நெகிழும், விரலுக்கடியில் சற்று நகரும், மெதுவாகப் பெரிதாகும். உழைத்துப் பிழைக்கிற மக்கள் நோயை அளப்பது வலியைக் கொண்டுதான். மண்டபம் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிற என் சித்தப்பா மகனுக்குக் கழுத்தோரம் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி வந்தபோது, “வலிக்கவே இல்லைங்கிறான், பிறகு என்னத்துக்கு ஆஸ்பத்திரி?” என்றுதான் சின்னம்மா கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குரிய விடையை நாங்கள் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பதே தவறு. காரணம் தெரியாத கட்டி மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் வற்றாமல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தோன்றினாலோ, வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கட்டியோடு சேர்த்து மருத்துவர் கட்டாயம் விசாரிக்கும் அறிகுறிகள் மூன்று: காரணமின்றி வந்து வந்து போகும் 38 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல், ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைதல், இரவில் படுக்கை நனைகிற அளவுக்கு வியர்த்தல். மின்விசிறி நின்றாலே சட்டை ஒட்டிக்கொள்கிற ஊரில் மூன்றாவதை அறிவது கடினம் என்று தோன்றலாம். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு வியர்க்காதபோதும் ஒருவர் மட்டும் நடு இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருந்தால், அதைப் புழுக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்தில் வலியில்லாத கட்டி, மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய அத்தனையும் நிணநீர்க் கணுவைப் பிடிக்கும் காசநோயிலும் வரும். காசநோய் இங்கே பரவலாக இருப்பதால் முதலில் அதை ஐயப்படுவது நியாயமே. ஆனால் ஐயத்தை உறுதி செய்யாமல் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் மாதங்கள் வீணாகிவிடும். என் தம்பிக்கும் அப்படித்தான் நடந்தது; ஏறக்குறைய நான்கு மாதம் காசநோய் மாத்திரை தின்ற பிறகே கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சிறு சோதனை காசநோயைக் காட்டிக்கொடுக்கப் பல நேரங்களில் போதும். லிம்போமாவுக்கோ பெரும்பாலும் அது போதாது. ஒரு முழுக் கணுவையே அறுத்தெடுத்து, அதன் உள்ளமைப்பு கலையாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் எக்சிஷன் பயாப்சி. கைக்கு எட்டாத ஆழத்தில் கட்டி இருந்தால் பருத்த ஊசியால் சதைத் துண்டுகளை எடுப்பார்கள். எடுத்த திசுவில் அணுக்களின் மேற்பரப்புப் புரதங்களை நிறமேற்றிப் பார்க்கும் சோதனையும் நடந்தாக வேண்டும். அதன் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அந்தக் காத்திருப்பு வீட்டாருக்குக் கொடியதுதான், ஆனாலும் அதைச் சுருக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்த இடைவெளியில், வீக்கம் வற்றட்டும் என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தானது. ஸ்டீராய்டு லிம்போமாக் கட்டியைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். அதன்பின் எடுக்கும் திசுவில் நோயே தெரியாமல் போகலாம்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறுவது நோயின் முழுப்பெயரை. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ‘இரத்தப் புற்றுநோய்’ என்ற சொல் ஊருக்குள் வந்ததும், அதே சொல்லோடு முன்பு இறந்துபோன யாரோ ஒருவரின் நினைவும் கூடவே வந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் மூன்று பெரிய குடும்பங்கள் உள்ளன. எலும்பு மஜ்ஜையில் தொடங்கி இரத்தத்தில் நிறைவது லுகேமியா. நிணநீர்க் கணுக்களில் கட்டியாக வளர்வது லிம்போமா. எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களில் தோன்றி எலும்பை அரிப்பது மயலோமா. லுகேமியாவிலேயே ஒரு வகைக்கு 2001 முதல் அன்றாட மாத்திரையாக இமாட்டினிப் கிடைக்கிறது. அதைத் தின்றுகொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலர். லிம்போமாவிலோ வகைகள் பல பத்து உண்டு.

1832-இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் கணுக்கள் வீங்கி இறந்த சிலரின் உடல்களை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் ஒரு வகைக்கு அவர் பெயரே நிலைத்தது. அந்த ஹாட்ஜ்கின் லிம்போமா இளைஞர்களிடம் அதிகம் காணப்படுவது; மருந்துக்கு மிக நன்றாக இணங்குவதும் அதுவே. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏனையவை அனைத்தும் நான்-ஹாட்ஜ்கின் என்ற ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டாலும் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபட்டவை. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது பரவலான பெரிய பி அணு லிம்போமா. மருத்துவர்கள் சுருக்கமாக டி.எல்.பி.சி.எல். என்பது இதையே. வேகமாக வளரும், விட்டுவைத்தால் சில மாதங்களில் உயிரைக் குடிக்கும், உரிய மருந்து கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்டோர் முழுமையாகக் குணமாகிறார்கள். இதற்கு நேரெதிராக, ஃபாலிக்குலர் லிம்போமா ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊர்வது. அதை அடியோடு ஒழிப்பது அரிது. ஆனால் தொல்லை தராதவரை மருந்தே கொடுக்காமல் கண்காணித்து மட்டும் வருவது அதற்குரிய முறையான வைத்தியங்களில் ஒன்று. ‘முற்றிப்போனதால் கைவிட்டுவிட்டார்கள்’ என்று வீட்டார் அழுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது அவசரப்பட்டு நஞ்சை ஏற்றாத நிதானம். வயிற்றில் வரும் மால்ட் லிம்போமா என்ற ஒரு வகை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஆன்டிபயாடிக் கொண்டு அழித்தாலே பலருக்கு மறைந்துவிடுகிறது. ஆகவே வேறொருவரின் முடிவை வைத்து நம் வீட்டு நோயை அளக்காமல், அறிக்கையில் எழுதியிருக்கும் பெயரை முழுவதுமாகக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயருக்கு அடுத்தது பரவல் நிலை. பெட் ஸ்கேன் எடுத்து எந்தெந்தக் கண்மாயில் நோய் இருக்கிறது என்று பார்ப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் இருந்தால் முதல் நிலை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால் இரண்டாம் நிலை. இரு பக்கத்திலும் இருந்தால் மூன்றாம் நிலை. கண்மாய்ச் சங்கிலியைத் தாண்டி எலும்பு மஜ்ஜைக்கோ கல்லீரலுக்கோ போயிருந்தால் நான்காம் நிலை. மற்றப் புற்றுநோய்களில் நான்காம் நிலை என்பது பெரும்பாலும் குணப்படுத்த முடியாத கட்டம். லிம்போமாவில் அப்படியல்ல; நான்காம் நிலையில் வந்து முழுமையாக மீண்டவர்கள் ஏராளம். என் தம்பிக்கும் மண்ணீரலோடு எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்பட்டிருந்தது.

ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் விஷயத்தில் விடை இல்லை. எச்.ஐ.வி. தொற்றும் சில வைரஸ்களும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன; வயதும் கூட்டுகிறது. இது ஒட்டுவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ குழந்தைகளைத் தூக்குவதாலோ பரவாது.

டி.எல்.பி.சி.எல். வகைக்கு வழக்கமாகத் தரும் கூட்டு மருந்துக்கு ஆர்-சாப் என்று பெயர்; 21 நாளுக்கு ஒரு சுற்று, பெரும்பாலும் ஆறு சுற்று. கணக்கிட்டால் 126 நாள், நான்கு மாதத்துக்கும் மேல். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் வரும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள்தான். அதற்கே வட்டிக்கு வாங்கும் வீடுகளில் இந்த நான்கு மாதம் என்னவாகும் என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இரயில்வேயில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். மாதக்கணக்கில் மதுரைக்கும் சென்னைக்கும் போய்வருகிறவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்சிமாப் 1997-இல் புழக்கத்துக்கு வந்தது. பி அணுக்களின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தருவதற்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்தாக வேண்டும், உள்ளே உறங்கும் அந்தக் கிருமியை அது எழுப்பிவிடக் கூடும். அதே கூட்டில் சிவப்பாக இறங்கும் டாக்சோரூபிசின், இத்தாலியில் ஏட்ரியாடிக் கடலோரப் பகுதி மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. மறுநாள் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு இரத்தம் என்று அஞ்ச வேண்டாம். கூட்டிலுள்ள இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டின் நம் மணல்மேடுகளிலும் வீட்டு வாசலிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினை 1958-இல் கனடாவில் இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். மீண்டும் வந்த ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு 2011 முதல் பயன்படும் பிரென்டுக்சிமாப் என்ற மருந்தின் கொல்லும் பகுதியோ, இந்தியப் பெருங்கடலில் பிடித்த கடல்முயல் என்னும் நத்தையினத்து உயிரியில் கண்ட நஞ்சைப் பார்த்துச் செய்யப்பட்டது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைக் காப்பது ஏன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. அதே மூச்சில் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது வைத்தியம் ஆகாது. இலையில் மருந்து இருப்பது மிக மிக நுண்ணிய அளவில். கூடவே இருக்கும் மற்ற நச்சுப் பொருள்கள் கீமோ என்கிற இந்த மருந்தேற்றத்தால் ஏற்கெனவே தளர்ந்த உடலைக் கெடுத்துவிடும்.

முடி உதிரும், திரும்ப முளைக்கும். குமட்டலுக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. உயிரோடு விளையாடுவது வெள்ளையணுக் குறைவுதான். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ‘கவுண்ட்’ அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாள்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், அது நள்ளிரவானாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாத அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பது கூடாது; அது காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும். இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே போக வேண்டும் என்று வண்டி தேடிக்கொண்டிராமல், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறெதுவானாலும் அருகில் இருப்பதற்குப் போய், “கீமோ ஓடுகிறது, காய்ச்சல் வந்துவிட்டது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது இதற்குப் போதாது.

கடலோடு பிழைப்பவர்கள் கூடுதலாகச் சில எச்சரிக்கைகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளில் சில, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் சிறு கீறல் வழியே புகுந்து ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், பாறை கிழிக்கும் என்று தெரிந்தும் துணி சுற்றிய விரலோடு நீருக்குள் இறங்கிப் பழகியவர்கள், சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது. கையிலோ நெஞ்சிலோ மருந்துக் குழாய் வெளியே தெரியும்படி பொருத்தியிருப்பவர் அக்னி தீர்த்தத்திலும் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடுவதையும் தள்ளிப்போட வேண்டும், வேண்டுதல் காத்திருக்கும். மீனும் நண்டும் நன்றாக வெந்தால் தாராளமாக உண்ணலாம், புரதம் வேண்டிய காலம் அது. அரைவேக்காட்டுக் கணவாயும் நேற்று வைத்த குழம்பும் வேண்டாம். கருவாட்டைக் குறைக்கச் சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய தண்டனை. ஆனாலும் ஆர்-சாப்பின் பகுதியாக மருத்துவர் தந்து சுற்றுதோறும் ஐந்து நாள் தின்னும் ஸ்டீராய்டு மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் அந்த நாள்களிலாவது விட்டுவிட வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துச் சகோதரர்கள் நோன்பு மாதத்தில் சிகிச்சை வந்தால் மனம் கலங்குகிறார்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்பதை அவர்களின் ஆலிம்களே எடுத்துச் சொல்வார்கள், கீமோ நாள்களில் நீர் வற்றினால் சிறுநீரகம் தாங்காது.

மூன்றாம் சுற்றுக்குப் பிறகு என் தம்பி வலையை மடியில் போட்டு உட்கார்ந்தான். ஊசியைப் பிடித்த விரல் நுனியில் உணர்வே இல்லை, முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமலிருந்தான். வின்கிறிஸ்டின் நரம்பு நுனிகளைத் தாக்குவதால் வரும் மரமரப்பு அது. உடனே சொன்னால் அளவைக் குறைப்பார்கள், சொல்லாமல் மறைத்தால் நிலைத்துவிடும் அபாயம் உண்டு. பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மீள்கிறது. மலச்சிக்கலும் அதே மருந்தின் வேலை. இன்னும் பிள்ளைப்பேறு வேண்டும் என்றிருக்கும் இளைஞர்கள், முதல் சுற்றுக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், பிறகு கேட்டுப் பயனிருக்காது.

நலம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஊர் திரண்டு வந்து, நோயாளியின் முன்னாலேயே துக்கம் விசாரிக்கும் குரலில் பேசிவிட்டுப் போவதில் அன்பு இருக்கிறது, இருமலும் சளியும் கூட வந்துவிடுகின்றன. வாசலில் நின்று பேசிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வேலையை யாராவது ஏற்றுக்கொண்டால் அந்த வீடு அதை மறக்காது.

சிகிச்சை முடிந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் டி.எல்.பி.சி.எல். திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அலைச்சல் என்று விடக் கூடாது. மருந்துகள் விட்டுச்சென்ற தடயங்களும் நீண்ட நாள் தங்கும். டாக்சோரூபிசின் இதயத்தைத் தளர்த்தக் கூடும் என்பதால் அதற்கு வாழ்நாள் வரம்பு உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குத் தரும் பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக் கூடும். அது ஏறியவர் சங்கு குளிக்கத் திரும்புவதற்கு முன் நுரையீரல் சோதனை செய்துகொள்ள வேண்டும், பின்னாளில் எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இவை அனைத்தும் இருப்பது அந்த ஒரு ஃபைலில்தான்: பயாப்சி அறிக்கை, அதன் எண், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் ஏறியது என்ற குறிப்பு. எங்கள் வீட்டில் அதைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு அரிசிப் பானைக்கு மேல் பரணில் வைத்திருக்கிறோம், உப்புக்காற்றில் காகிதம் நமுத்து எழுத்து கலங்கிவிடும் என்று. முதல் பக்கத்தில், நோயின் முழுப்பெயருக்குக் கீழே, சின்னம்மா தம் கையாலேயே தமிழில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.